மேல்நோக்கிய அம்புக்குறி

என் மனைவிக்கு இரண்டு ஆண்டுகள் மூச்சுத் துணையாக இருந்த ஆக்சிஜன் இயந்திரம் இப்போது எதிர்வீட்டில் ஓடுகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் நானே அதைத் தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அதற்கு நான்கு சிறு சக்கரங்கள் உண்டு. காலடிப்பேட்டையில் எங்கள் தெரு அகலமானதன்று. எதிரெதிரே இரண்டு ஆட்டோக்கள் வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். அந்த அகலத்தைக் கடக்க அன்று எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

எதிர்வீட்டுக்காரர் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிறது. காரணம் பீடியா, தூசியா, வேறு ஏதாவதா என்று மருத்துவர் பிரித்துச் சொல்லவில்லை, அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவருடைய மனைவி காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து, பகலெல்லாம் தேரடிப் பக்கம் வைத்து விற்கிறார். அரசு மருத்துவமனையில் இயந்திரத்துக்குப் பெயர் பதிந்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். என் வீட்டில் ஒன்று சும்மா நின்றது. கொடுப்பதற்கு இதைவிடப் பெரிய யோசனை தேவைப்படவில்லை.

நான் எதிர்பாராதது அதன் ஓசை. இயந்திரம் தொடர்ந்து உறுமும். சில நொடிகளுக்கு ஒருமுறை ஒரு பெருமூச்சு விடும். இரண்டு ஆண்டுகள் அந்தப் பெருமூச்சைக் கேட்டுக்கொண்டே படித்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். கொடுத்துவிட்டால் வீடு அமைதியாகிவிடும் என்று எண்ணினேன். தெருவின் அகலம் போதவில்லை. சன்னலைத் திறந்துவைத்தால் இன்னும் கேட்கிறது. பெரும்பாலும் திறந்தே வைத்திருக்கிறேன்.

என் தொழிலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தென்மாவட்டத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகை மொத்தக் கடை வைத்திருந்தவருடைய மகன் நான். கடைக்கு ஆகமாட்டேன் என்று தெரிந்ததால் படிக்கவைத்தார்கள். வேதிப்பொறியியல் படித்தேன், நீரை மின்சாரத்தால் பிரிப்பது குறித்து ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்றேன், நகரத்துக்குத் தெற்கே, கடலோரத்திலுள்ள அணுமின் நிலையமொன்றில் பணி ஓய்வு வரை இருந்தேன். அணு உலைக்கு ஒரு குணம் உண்டு. அது ஒரே சீராக ஓடவே விரும்பும். ஊருக்கு மின்சாரம் குறைவாகத் தேவைப்படும் நேரங்களில் அதைத் தணித்து, பிறகு ஏற்றுவது அதற்கும் நல்லதல்ல, அதை நடத்துபவர்களுக்கும் நிம்மதியல்ல. அந்த நேரத்து மிகை மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜன் கிடைக்கும். சேமித்துவைத்து, மின்சாரம் தடைப்படும்போது எரிபொருள் கலத்தில் செலுத்தினால் அது மறுபடி மின்சாரமாகும், மிஞ்சுவது தண்ணீர். புகை இல்லை, சாம்பல் இல்லை. நான் முப்பது ஆண்டுகள் நம்பியது இவ்வளவுதான். இப்போதும் நம்புகிறேன், முன்போல உற்சாகமாகச் சொல்ல முடிவதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, எனக்குக் கீழே பணியாற்றிய ஒருவர் வந்தார். ஐம்பதை நெருங்குகிற வயது, நிதானமானவர். அவர் மேலாளராக இருந்த ஒரு கூட்டமைப்பு வடசென்னையில் ஒரு சோதனைக்கூடம் அமைக்க விரும்பியது. அணுமின்சாரம் வழக்கமான மின்கம்பிகளின் வழியாகவே வரும். விம்கோ நகரில் ஒரு பழைய தொழிற்சாலையின் காலி மனையில் தண்ணீரைப் பிரிப்பார்கள். மின்தடை நேரத்தில் அங்கிருந்து ஒரு நகர்நல மருத்துவமனைக்கும், ஒரு குடிநீர் ஏற்று நிலையத்துக்கும், வீட்டிலேயே ஆக்சிஜன் இயந்திரத்தோடு வாழும் நோயாளிகளின் வீடுகளுக்கும் தரைக்கு மேலே இழுத்த தனிக் கம்பிகளில் மின்சாரம் போகும். நான் முதல் வரைபடத்தை வரைந்து, பாதுகாப்பு அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். இங்கே பிறந்து வளர்ந்தவன் என்பதால் மக்கள் என் சொல்லைக் கேட்பார்கள் என்று அவர் கணக்கிட்டிருந்தார். அதை மறைக்கவும் இல்லை.

அந்த வரைபடத்தை எங்கள் சாப்பாட்டு மேசைமீது வரைந்தேன். என் மனைவிக்கு அப்போது நோய் முற்றியிருந்தது. ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருந்தவர், தெருவுக்கே டீச்சர்; வரைபடம் என்றால் நிலப்படம்தான் என்று வாதிடுபவர். மூக்கில் குழாயோடு நாற்காலியில் அமர்ந்து நான் வரைவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் சமையலறையில் அடுப்பு அணைந்துபோயிற்று.

"ஊருக்கெல்லாம் கேஸ் காய்ச்சுறீங்க. வீட்டுக்கு சிலிண்டர் பதிவு பண்ண மறந்துட்டீங்க" என்றார்.

"நாளைக்குப் பண்றேன்."

"நேத்தும் இதே நாளைக்குத்தான்."

அவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மருத்துவமனையில் இறந்தார். அன்று மின்தடை இல்லை. ஆக்சிஜன் குறையவில்லை. செய்யவேண்டிய அனைத்தையும் செய்தார்கள். இதைத் தெளிவாக எழுதிவைப்பது நல்லது என்று தோன்றுகிறது. ஏனெனில் பின்னால் நான் சொல்லப்போவதை யாரும் வேறுவிதமாகப் புரிந்துகொள்ளக் கூடாது.

சித்திரை மாதத்தில், நண்பகல் நேரத்தில், எங்கள் தெருவில் மின்சாரம் நின்றது. எதிர்வீட்டு இயந்திரத்தின் எச்சரிக்கை ஒலி முதலில் கேட்டது. பிறகு அந்த அம்மாவின் குரல்.

"சாரு! கரண்ட்டு பூட்ச்சி! மிஷினு கத்துது சாரு!"

ஓடினேன். மின்தடைக்கென்று ஒரு சிறிய ஆக்சிஜன் உருளை வைத்திருந்தார்கள். அதன் திருகைத் திறக்கச் சாவி வேண்டும். சாவி திருகின்மேலேயே தொங்கியது. அந்த அம்மா இரண்டு கைகளாலும் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"மீனு கை சாரு, வயுக்குது. எம்மாம் கழுவினாலும் வயுக்குது."

நான் திறந்தேன். குழாயை மாற்றி மாட்டினேன். கட்டிலில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவர் கணவருடைய உதடுகளின் நிறம் மெல்லத் திரும்பியது. பேச முடிந்தவுடன் அவர் முதலில் பேசியது என் கால்களைப் பற்றி.

"இன்னா சாரு... இந்த வெயில்ல... வெறுங்காலோட. செருப்பு போட்டுக்கினு வரது. நான் இன்னா... ஓடியா பூடப் போறேன்."

"தே, பேசாத கெட" என்று அவர் மனைவி அதட்டினார். "சாரு வர்ற வரைக்கும் மூச்சு இல்ல, வந்தா மட்டும் வாய் கீது."

சிறிய உருளை சுமார் இரண்டு மணி நேரம் தாங்கும். அன்று மின்சாரம் ஒன்றரை மணி நேரத்தில் வந்தது. அதுவரை உருளையின் முள்ளைப் பார்த்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்திருந்தோம். அவரை உயிரோடு வைத்திருப்பது இரண்டில் ஒன்று: தடைப்படாத மின்சாரம், அல்லது ஆக்சிஜன். மழைக்காலத்தில் தரைக்கடியில் ஓடும் மின்கம்பிகளில் தண்ணீர் புகுந்தால் எங்கள் பகுதியில் நாள்முழுதும் மின்சாரம் இருக்காது. அப்போது ஒரு சிறிய உருளை எதற்கும் ஆகாது. அந்த அம்மாவுக்கு அது தெரியும். ஐப்பசிக்குள் சோதனைக்கூடம் ஓடத் தொடங்கிவிடுமா என்று அன்றே என்னிடம் கேட்டார். ஊரார் ஒப்புக்கொண்டால் ஓடும் என்றேன்.

ஊராரைக் கேட்கும் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விம்கோ நகர்ப் பள்ளியொன்றின் கூடத்தில் நடந்தது. மேலாளர் என் வரைபடத்தைப் பெரிதாக்கி பிளெக்ஸ் பதாகையில் அச்சடித்து, இரண்டு சன்னல்களுக்கு நடுவே கட்டியிருந்தார். மேசைமேல் விரல்நீளம் இருந்த கோடுகள் அங்கே கைநீளம் இருந்தன. என் கையெழுத்தை அவ்வளவு பெரிதாக நான் அதுவரை பார்த்ததில்லை.

சுற்றிலும் ஆலைகள் உள்ள இந்தப் பகுதியில் வாயு என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. காற்றில் ஏதாவது வாடை வந்தால் அடுப்பை அணைப்பார்கள், துணியை நனைத்து மூக்கில் கட்டுவார்கள், அடுத்த தெருவில் இருக்கும் உறவினருக்குக் கைபேசியில் அழைத்து "உங்களுக்கு வருதா?" என்று கேட்பார்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைக் குழந்தைகளும் அறிவார்கள். ஆகவே கேள்விகள் எப்படி வரும் என்று எனக்கு ஓரளவு தெரிந்திருந்தது.

ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் முதலில் எழுந்தார்.

"அணுன்றீங்க, ஹைட்ரஜன்றீங்க. ரெண்டையும் ஒண்ணா சேத்தா இன்னா வரும்னு நாங்க சினிமால பாத்துகீறோம் சாரு."

கூடம் சிரித்தது. அணு உலை இங்கே வராது, அதன் மின்சாரம் மட்டும்தான் வரும் என்று விளக்கினேன்.

"அப்ப ஹைட்ரஜன்?"

"அது இங்கேதான் இருக்கும்."

"வாட வந்தா துணிய நனைச்சுக் கட்டிக்கினு ஓட்றோம். இதுக்கு எந்தத் துணி?"

"இதற்கு வாடை கிடையாது."

"வாடையே இல்லாத கேஸா? அது இன்னும் பேஜாராச்சே!"

அவர் சொன்னது சரிதான். சரி என்றே நானும் சொன்னேன். வாடையில்லாததால்தான் கருவிகள் முகர்ந்துகொண்டேயிருக்கும், கூரை திறந்திருக்கும், ஹைட்ரஜன் மிக இலேசானதால் தேங்காமல் மேலே போய்விடும், சேமிப்பும் ஒரு நாளைய தேவைக்குமேல் இருக்காது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆபத்தே இல்லை என்று சொல்லும்படி மேலாளர் கண்ணால் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை. ஆபத்து உண்டு, அதை எப்படிக் கையாள்வோம் என்பதுதான் இது என்றேன். ஆட்டோ ஓட்டுநர் உட்கார்ந்தார்.

"கிழவன் பொய் சொல்லல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

பெரும்பாலும் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்போது எதிர்வீட்டு அம்மா எழுந்தார். வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். காலடியில் கூடை இருந்தது. பதாகையின் அருகே போய் நின்று விரலால் காட்டினார்.

"சாரு, இது தண்ணி வர்ற குழாயா?"

"ஆமாம்."

"இது இன்னா, பொட்டி?"

"அதில்தான் தண்ணீர் பிரியும்."

"பிரிஞ்சி இன்னா ஆவும்?"

"ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். ஹைட்ரஜன் இந்தப் பக்கம் தொட்டிக்குப் போகும்."

அவருடைய விரல் மறுபக்கம் போயிற்று. அங்கே ஒரு கோடு பெட்டியிலிருந்து புறப்பட்டு, நேராக மேலே ஏறி, கூரைக்கு வெளியே ஓர் அம்புக்குறியில் முடிந்தது.

"இந்தக் கோடு?"

"அது ஆக்சிஜன்."

"எங்க போவுது?"

"காற்றில் விட்டுவிடுவோம்."

 அவர் அம்புக்குறியிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"எது சாரு? எங்க வூட்டுக்காரரு மூக்குல மாட்டிகினு கீறாரே, அதுவா?"

"ஆமாம்."

"அத்தயா மேல வுடப் போறீங்க?"

  மேலாளர் எழுந்து, அந்த ஆக்சிஜனை அப்படியே நோயாளிகளுக்குக் கொடுக்க முடியாது, அதற்கென்று விதிமுறைகள் இருக்கின்றன என்று சொல்லத் தொடங்கினார். அவர் சொன்னது உண்மை. அந்த அம்மா அவர் பக்கம் திரும்பவேயில்லை.

"டீச்சருக்குத் தெரியுமா சாரு இது?" என்று என்னிடம் கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

கூட்டம் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. கைகளை உயர்த்தியபோது அவரும் உயர்த்தினார். பிறகு கூடையைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மூல வரைபடத்தை எடுத்து மேசைமேல் விரித்தேன். எங்கள் தொழிலில் ஹைட்ரஜனுக்குப் பெயர் விளைபொருள். ஆக்சிஜனுக்குப் பெயர் கழிவு வாயு. எடையில் பார்த்தால் ஒரு பங்கு ஹைட்ரஜனுக்கு எட்டுப் பங்கு ஆக்சிஜன் பிரிகிறது. ஆயினும் எட்டுப் பங்கும் கூரைக்கு மேலே போகும். மாணவனாக இருந்த காலத்திலிருந்து நான் வரைந்த ஒவ்வொரு படத்திலும் அந்தக் கோடு அப்படித்தான் ஏறியது. யாரும் ஏன் என்று கேட்டதில்லை. கையே வரைந்துவிடும். அம்புக்குறியை இடும்போது பென்சிலைச் சற்று அழுத்தி எடுப்பது என் வழக்கம். அந்த அழுத்தம் தாளில் இருந்தது.

மனைவியின் மூக்குக் குழாய் நீளமானது. படுக்கையறையில் நின்ற இயந்திரத்திலிருந்து சாப்பாட்டு மேசை வரை தரையில் கிடக்கும். சில சமயம் மேசைக்காலில் சிக்கும். நான் எழுந்து, தாளின்மேல் கனமாக எதையாவது வைத்துவிட்டு, குனிந்து குழாயை விடுவித்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து வரைவேன். இதை வரைந்த வாரத்தில் பலமுறை அப்படிச் செய்திருக்கிறேன். ஒரு கையால் ஆக்சிஜன் குழாயை எடுத்துவிட்டு, அடுத்த கணம் அதே கையால் இந்த அம்புக்குறியை வரைந்தேன். இரண்டும் ஒரே பொருள் என்று எனக்குத் தோன்றவில்லை. என் வாழ்நாள் படிப்பே அதைப் பற்றியதுதான்.

கூட்டத்தில் நான் சொன்ன பதில் தவறு என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் மனைவிக்குத் தெரியும். அவர் கேட்டிருக்கிறார். தலையை நிமிர்த்தாமல் பதில் சொல்லியிருக்கிறேன்.

"இந்த அம்பு எங்க போகுது?"

"மேலே. காற்றுக்கு. அது ஆக்சிஜன்."

இயந்திரம் ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு அவர் சொன்னார்:

"சரி, காக்கா குருவியாவது நல்லா மூச்சு விடட்டும்."

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு அடுத்த கோட்டை வரைந்தேன். அவர் வேடிக்கையாகச் சொன்னாரா, வேறு எதையாவது சொல்லவந்து வேடிக்கையாக்கிக்கொண்டாரா என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் உடன் வாழ்ந்தவருடைய குரலில் அந்த வேறுபாடு எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் மேலாளரை வரச்சொன்னேன். ஆக்சிஜனைச் சுத்திகரித்து, உலர்த்தி, உருளைகளில் நிரப்பி நகர்நல மருத்துவமனைக்கு அனுப்பும்படி திட்டத்தை மாற்ற வேண்டும் என்றேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"சார், நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா அது மருந்து சார். நாம எரிபொருள் கூடம்னு அனுமதி வாங்கியிருக்கோம். மருந்துன்னா அனுமதி வேற, ஆய்வு வேற, எண்ணெய் படாத கம்ப்ரஸர் வேற வேணும். துளி ஹைட்ரஜன் அதுல கலந்தாலும் நீங்களே என்னை விடமாட்டீங்க."

"விடமாட்டேன்."

"ஒரு வருஷம் தள்ளிப்போகும் சார். அதுவரைக்கும் இந்தத் திட்டத்தை இங்கேயே வெச்சிருப்பாங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்ல. வேற ஊர் கேட்டுக்கிட்டிருக்கு."

"நான் அறிக்கையில் கையெழுத்திடாவிட்டால்?"

அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேற ஒருத்தர் போடுவார் சார். ஆனா ஊர்ல கேப்பாங்க, நீங்க ஏன் போடலைன்னு. அதோட நின்னுடும்."

என் கையெழுத்து எதிர்வீட்டுக்காரரின் மூச்சோடு கட்டப்பட்டிருந்தது. மறுத்தால், எப்போதாவது வரக்கூடிய ஆக்சிஜனுக்காக ஐப்பசியில் வரவேண்டிய மின்சாரம் போய்விடும். இட்டால், அந்த அம்புக்குறிக்கு என் பெயரையே எழுதிக்கொடுத்தவன் ஆவேன். இதை என் மேசையிலிருந்து முடிவுசெய்ய எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. தெருவைக் கடந்து போனேன். செருப்பு அணிந்துகொண்டுதான்.

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா வாசலில் அரிவாள்மணையைக் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வழிகளையும் அவற்றின் காலத்தையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"ஒரு வருசமா சாரு?"

"குறைந்தது."

"எனக்கு ஒரு வருசம் கீதா?"

அந்த அம்மா கையில் தண்ணீரோடு திரும்பினார். "இன்னா பேச்சு பேசற நீ?"

"கணக்கு கேக்கறேன்டி. சாரு கணக்குப் போடறவரு. அவரைக் கேக்காம... உன்னையா கேப்பேன்?" என்னைப் பார்த்தார். "எனக்குக் கரண்ட்டு போவாம இருந்தா போதும் சாரு. நீ போடு கையெழுத்து."

"அந்தக் கோடு?" என்றார் அந்த அம்மா. கேள்வி அவருக்கா எனக்கா என்று தெரியவில்லை.

"கோட்ட அப்டியே வுட்ற சொல்லலியே" என்றார் அவர். "எங்க டாக்ல... புதுசா தண்ணிக் குழா போட்டா, நடுவுல ஒரு வாய் வெச்சி மூடி வெப்பாங்க. அப்பால வேணும்னா தெறந்துக்கலாம்னு. அது மாறி எதுனா வெய்யி சாரு."

ஆலைகளில் அதற்கு டம்மி என்று பெயர். ஓடுகிற குழாயில் ஒரு கிளையை முன்கூட்டியே பற்றவைத்து, அதன் வாயில் ஓர் இரும்புத் தகட்டை வைத்து, திருகாணிகளால் இறுக்கி மூடிவிடுவோம். எதிர்காலத்தில் இணைப்பு வேண்டியிருந்தால் கூடத்தை நிறுத்திக் குழாயை வெட்டாமல், தகட்டைக் கழற்றினால் போதும். முப்பது ஆண்டுகளில் நான் எத்தனையோ டம்மிகள் வைக்கச் சொல்லியிருக்கிறேன். நான் ஓய்வு பெறும்வரை அவற்றில் திறக்கப்பட்டவை மிகச் சில. மற்றவை ஆண்டுக்கொருமுறை வண்ணம் பூசப்பட்டு அப்படியே இருந்தன. அதை அவரிடம் சொல்லவேண்டியிருந்தது; சொன்னேன்.

"தெறக்காத டம்மிதான் நெறைய. தெரியும் சாரு" என்றார் அவர். "டம்மியே இல்லாத குழாயத் தெறக்கவே முடியாது."

அன்று பிற்பகல் வரைபடத்தைத் திருத்தினேன். அம்புக்குறியை அழிக்க முடியாது; மிகை ஆக்சிஜன் வெளியேற ஒரு வழி இருந்தே ஆகவேண்டும். கோட்டின் நடுவே ஒரு கிளை வரைந்து, கூடத்தின் மதில்வரை கொண்டுவந்து, மூடிய தகட்டின் குறியை இட்டேன். தகட்டுக்கு அப்பால், சுத்திகரிப்புக் கருவிக்குத் தேவையான அளவு தரையைக் கோடுபோட்டு ஒதுக்கினேன். எங்கள் வரைபடங்களின் வலது மூலையில் ஒரு கட்டம் உண்டு. திருத்தம் செய்தவர் அதில் திருத்தத்தின் காரணத்தை ஒரே வரியில் எழுதவேண்டும். அந்த ஒரு வரிக்கு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இறுதியில் 'மருத்துவமனை இணைப்புக்காக' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்; பாதுகாப்பு அறிக்கையிலும் இட்டேன். மேலாளர் அந்த வரியைப் படித்தார். எதிர்காலம் என்ற சொல்லைச் சேர்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. மருந்து அனுமதிக்கான விண்ணப்பத்தையும் நானே எழுதி அவரிடம் கொடுத்தேன். அது இன்னும் ஏதோ ஓர் அலுவலகத்தில் இருக்கிறது. மாதம் ஒருமுறை கடிதம் எழுதிக் கேட்கிறேன். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வருகிறது.

கூடம் புரட்டாசிக் கடைசியில் ஓடத் தொடங்கியது. திறப்பு நாளில் எதிர்வீட்டு அம்மாவும் வந்திருந்தார். ஹைட்ரஜன் தொட்டியையோ எரிபொருள் கலத்தையோ அவர் பார்க்கவில்லை. நேராக மதிலோரம் போய், நீல வண்ணம் பூசிய தகட்டின் எட்டுத் திருகாணிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மேலே, கூரைக்கு வெளியே, ஆக்சிஜன் மெல்லிய சீறலோடு போய்க்கொண்டிருந்தது.

"எப்போ தெறப்பீங்க சாரு?"

"தெரியாது."

"கேட்டுகினே இருப்பேன்."

"கேளுங்கள்."

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு என் தலைக்குமேல் மின்விசிறி நின்றது. என் வீடு கூடத்தின் இணைப்பில் இல்லை. நோயாளி இல்லாத வீட்டுக்கு இணைப்பு கிடையாது என்று அறிக்கையில் எழுதியவன் நான்தான். விசிறியின் இறக்கைகள் முழுதாக நிற்பதற்குள் நான் தெருவில் இருந்தேன். முழங்கால் வரை தண்ணீர் ஓடியது. உருளையின் மாற்றுச் சாவி என் கையில் இருந்தது. சித்திரைக்குப் பிறகு அது என் சட்டைப்பையிலேயே இருக்கிறது. எதிர்வீட்டிலிருந்து எச்சரிக்கை ஒலி இரண்டு முறை கேட்டது. மூன்றாவது முறை கேட்கவில்லை.

வாசற்படியில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இயந்திரம் உறுமியது. பிறகு பெருமூச்சு விட்டது. கட்டிலில் சாய்ந்திருந்தவர் என்னைப் பார்த்துக் கையை மெல்ல உயர்த்தினார்.

"ஓடிகினு கீது சாரு" என்றார் அந்த அம்மா. "நீ போ. காலப் பாரு, இன்னிக்கும் செருப்பு இல்ல."

என் வீட்டுக்குத் திரும்பிக் கால்களைத் துடைத்துக்கொண்டேன். மழைச்சாரல் அடித்தது, ஆனாலும் சன்னலைச் சாத்தவில்லை. அன்று மாலைவரை மின்சாரம் வரவில்லை. அதுவரை அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டு, அலுவலகத்துக்கு அனுப்பவேண்டிய அந்த மாதத்துக் கடிதத்தை எழுதி முடித்தேன்.